மூதின் முல்லையும் பட்டாசு ஆபீஸும்

விருதுநகர்க் கவியரங்கம் ஒன்றில் தலைமை தாங்கிய பேராசிரியர் ஒருவர், தாம் பேசியதைச் சிறு நூலாக அச்சடித்து ஊரெல்லாம் கொடுத்துக்கொண்டிருக்கிறார். எனக்கும் ஒரு பிரதி வந்தது. தமிழ்க் கவிதை தாயை என்றைக்கும் சமூகத்தின் வலிமையாகவே பாடியிருக்கிறது. அந்த வலிமை அவளுடைய பொறுமையிலும் தியாகத்திலும் இருக்கிறது. அப்படியிருக்க, சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கத்து இளைய கவிஞர்கள் அவளைப் பட்டாசு ஆபீஸில் மருந்து படிந்த கையோடும் கூலிக் கணக்கோடும் நிறுத்திக் கொச்சைப்படுத்துகிறார்கள். இதுதான் அவர் வாதம். இதைச் சொல்ல அவருக்குப் புறநானூறு, பட்டினத்தார், காமராசரின் தாயார், பெரியாழ்வார் என்று நான்கு சாட்சிகள் தேவைப்பட்டிருக்கின்றன. நான்கு பேரும் கூண்டில் ஏறி அவருக்கு எதிராகவே சாட்சி சொல்கிறார்கள் என்பது அழைத்துவந்தவருக்கு மட்டும் தெரியவில்லை. அவர் பெயரை நான் எழுதப் போவதில்லை. இதே உரையை இந்த மாவட்டத்து மேடைகளில் முப்பது வருஷமாகக் கேட்டுவருகிறேன். ஆள் மாறுகிறார், உரை மாறுவதில்லை.

முதலில் புறநானூறு. பொன்முடியாரின் 312ஆம் பாட்டை எடுத்துக்கொண்டு, மகனைப் பெற்று வளர்த்துக் கொடுப்பது தாயின் கடன் என்கிற முதல் அடியிலேயே நான்கு பக்கம் உருகுகிறார் பேராசிரியர். அந்தப் பாட்டு ஆறு அடி. மிச்சம் ஐந்து அடியை எந்தப் பரணில் தூக்கிப் போட்டார்? அந்தத் தாய் தன் கடனை ஒரே அடியில் சொல்லி முடித்துவிட்டு, மறு அடியிலிருந்து மற்றவர்களின் கடனை எண்ணத் தொடங்கிவிடுகிறாள்: தகப்பனுக்கு ஒன்று, வேல் வடிக்கிற கொல்லனுக்கு ஒன்று, வேந்தனுக்கு ஒன்று, கடைசியில் போருக்குப் போகும் பிள்ளைக்கு ஒன்று. ஊரில் யார் யார் என்ன செய்தாக வேண்டும் என்று ஒரு பெண் தன் முற்றத்தில் நின்று விதிக்கிற பாட்டு அது. வேந்தன் தர வேண்டியது நல்லொழுக்கமா, விளைநிலமா என்று 'நன்னடை', 'தண்ணடை' என்ற பாடபேதத்தை வைத்துத் தமிழ் கற்றோர் வாதாடலாம். எந்தப் பாடத்தைக் கொண்டாலும் அரசன் கடன்பட்டவன்தான். பிள்ளையின் கடனிலும் பேராசிரியர் பார்க்கத் தவறிய ஒரு சொல் இருக்கிறது. யானையை எறிந்துவிட்டுப் 'பெயர்தல்'. பெயர்தல் என்றால் மீண்டு வருதல். செத்துப் போ என்று அவள் மகனை அனுப்பவில்லை. காரியத்தை முடித்துவிட்டு வீடு வந்து சேர் என்று அனுப்புகிறாள்.

இப்போது சிவகாசிக்கு வருவோம். காலையில் கம்பெனி வேனில் ஏறுகிற பெண் சாயங்காலம் 'பெயர' வேண்டாமா? இங்கே கொல்லனின் கடனும் வேந்தனின் கடனும் யார் தலையில்? அறைக்கு இத்தனை பேர்தான் என்ற விதி எழுத்தில் இருக்க, மரத்தடியில் ஆளை உட்காரவைத்துச் சரம் பின்னவிடுகிறவர்களும், லைசென்ஸ் ஒருவர் பெயரில் இருக்க அறைகளை உள்குத்தகைக்கு விடுகிறவர்களும், அதைப் பார்த்தும் பாராமல் போகிற அதிகாரிகளும் பொன்முடியாரின் பட்டியலில் எந்த அடியில் வருவார்கள்? இந்தக் கேள்வியைத்தான் இளைய கவிஞர்கள் கேட்கிறார்கள். பொன்முடியார் விட்ட இடத்திலிருந்து எழுதுகிறவர்கள் அவர்கள். முதல் அடியோடு புத்தகத்தை மூடியவருக்கு அது எப்படித் தெரியும்?

அடுத்து, காக்கைபாடினியார் நச்செள்ளையாரின் 278. நரம்பு புடைத்துத் தோள் வற்றிய கிழவி. மகன் புறமுதுகிட்டான் என்று பலரும் சொல்லக் கேட்டு, அது உண்மையானால் அவன் பாலுண்ட முலையை அறுத்தெறிவேன் என்று வாளோடு களத்துக்குப் போகிறாள். பிணங்களைப் புரட்டிப் புரட்டித் தேடுகிறாள். வெட்டுண்டு கிடக்கும் மகனைக் கண்டு, பெற்ற நாளினும் பெரிதாக மகிழ்கிறாள். அந்த மகிழ்ச்சியைப் பிடித்துக்கொண்டு, தமிழ்த்தாய் பிள்ளை சாவையும் சிரித்து ஏற்பாள் என்று பேராசிரியர் தீர்ப்பெழுதுகிறார். அவள் மகிழ்ந்தது அவன் செத்ததற்காகவா, பழி பொய்யானதற்காகவா என்று பத்தாம் வகுப்புப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். ஊர் சொன்ன செய்தியை அவள் நம்பவில்லை என்பதல்லவா பாட்டின் உயிர்? சொன்னவர்கள் பலர், அவள் ஒருத்தி. ஆனாலும் நேரில் போய்ச் சோதித்தாள். சிவகாசியிலும் ஊர் ஒரு செய்தி சொல்லும். ஒவ்வொரு விபத்துக்கும் மறுநாள் பேப்பரில் வருகிற செய்தி அது: 'மருந்துக் கலவையின்போது ஏற்பட்ட உராய்வு காரணமாக'. தவறு உராய்வின் மேல். நீட்டினால், உராயவிட்ட கையின் மேல். செத்தவளே தன் சாவுக்குப் பழி சுமந்து போகிறாள். அரசு ஆஸ்பத்திரி பிணவறை வாசலில் நின்று, கருகிய உடம்பில் வளையலையும் மிஞ்சியையும் தேடி அடையாளம் சொல்கிற தாயை எழுதுகிற கவிஞன் நச்செள்ளையாரின் கிழவியைத்தான் எழுதுகிறான். அவன் தாயைக் கொச்சைப்படுத்துகிறான் என்றால், நச்செள்ளையார் செய்தது என்ன?

ஒக்கூர் மாசாத்தியாரின் 279 பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தமையனையும் கணவனையும் அடுத்தடுத்த போர்களில் பறிகொடுத்தவள், இருக்கிற ஒரே பிள்ளைக்கு எண்ணெய் தடவி வேலைக் கையில் கொடுத்து அனுப்புகிறாள். தியாகத்தின் சிகரமாம். அந்தப் பாட்டு அவள் துணிவைக் கண்டு பதறிப்போய், சாபம் போல ஒலிக்கிற ஒரு வியப்போடு தொடங்குகிறது என்பதை மட்டும் பேராசிரியருக்கு நினைவூட்டுகிறேன். மாசாத்தியார் நடுங்கிக்கொண்டு பாடியதை இவர் கைதட்டிக்கொண்டு படிக்கிறார். இவற்றில் 312, 279 இரண்டும் மூதின் முல்லை என்னும் துறை. மறக்குடிப் பெண்ணின் வீரத்தைப் பாடப் போர்ச் சமூகம் வகுத்துக்கொண்ட துறை. ஒரு துறையின் இலக்கணத்தை எடுத்து, பீஸ் ரேட்டுக்குக் கருந்திரி நறுக்குகிற பெண்ணின் வாழ்க்கைக்கு விதியாக்குவது எந்த இலக்கணத்தில் சேர்த்தி?

பட்டினத்தாரைப் பற்றி ஒரு வார்த்தை. தாய்க்குக் கொள்ளிவைத்தபோது அவர் பாடியவற்றைக் காட்டி, பார்த்தீர்களா, துறவியே தாயைத் தெய்வமாக்கினான் என்கிறார் பேராசிரியர். அந்தப் பாடல்களில் தெய்வத்தைவிட உடம்புதான் அதிகம். சுமந்த மாதத்தை எண்ணுகிறார், பட்ட வேதனையைச் சொல்கிறார், தூக்கி வளர்த்ததைச் சொல்கிறார். மண், பெண், பொன் என்று எல்லாக் கணக்கையும் கிழித்துப் போட்ட மனிதர், தாயின் உழைப்புக் கணக்கை மட்டும் கிழிக்க முடியாமல் சிதையோரம் நின்று ஒப்பிக்கிறார். கவிதையில் கணக்கு வரக் கூடாது என்கிற பேராசிரியர், இந்தக் கணக்கை எதில் சேர்ப்பார்?

மூன்றாவது சாட்சி, நம் ஊர்க்காரர் எல்லோரையும் வாயடைக்கவைக்கும் என்று நினைத்து அவர் இறக்கிய சாட்சி: காமராசரின் தாயார் சிவகாமி அம்மாள். மகன் முதலமைச்சர் நாற்காலியில் இருந்தும் தாய் விருதுநகர் வீட்டில் எளிமையாக வாழ்ந்தார், ஒன்றும் கேட்கவில்லை, அதுபோல நம் தாய்மார்களும் கேட்காமல் இருக்க வேண்டும். என்ன நியாயம் இது! பொதுப் பணத்தில் தன் வீட்டுக்குச் சலுகை கூடாது என்று ஒரு தலைவர் தனக்கு விதித்துக்கொண்ட கட்டுப்பாட்டை, உழைத்த கூலியைக் கேட்காதே என்று ஏழைப் பெண்ணுக்கு விதிக்கிற கட்டளையாகத் திருப்பிவிட்டால் போதுமா? சலுகையும் கூலியும் ஒன்றா? சின்ன வயதில் தகப்பனை இழந்து, படிப்பை விட்டு, மாமன் ஜவுளிக்கடையில் நின்ற பையன் காமராசர். விதவைத் தாய் வீட்டின் பசி எப்படி இருக்கும், அது பிள்ளையைப் பள்ளியிலிருந்து எப்படி இழுக்கும் என்று வீட்டுக்குள்ளேயே பார்த்தவர். 1954இல் ஆட்சிக்கு வந்தவர் 1956இல் பள்ளியில் மதியச் சாப்பாடு போட்டார். தாயின் பட்டினியைத் தியாகம் என்று பாடி முடித்துவிடாமல், அதை அரசாங்கத்தின் செலவுக் கணக்கில் ஏற்றியவர். சிவகாமி அம்மாளின் பெயரை இந்தச் சிறு நூலில் பார்த்தபோதுதான் எனக்குக் கோபமே வந்தது. மகன் எந்தக் கணக்கைத் திறந்தாரோ அந்தக் கணக்கை மூடுவதற்குத் தாயின் பெயரா?

கணக்கு என்றதும் இன்னொன்று. சிவகாசித் தீப்பெட்டி, பட்டாசுத் தொழிலில் குழந்தைகள் உழைப்பதை எதிர்த்து எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பர் 10இல் தீர்ப்புச் சொன்னது. வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும். அந்தக் குழந்தைக்குப் பதிலாகக் குடும்பத்தில் பெரியவர் ஒருவருக்கு வேலை கிடைக்க அரசு வழிசெய்ய வேண்டும், முடியாவிட்டால் தன் பங்காக 5,000 ரூபாய் கட்ட வேண்டும். நீதிபதிகள் கண்ட உண்மை எளியது: பெரியவருக்கு நியாயமான வருமானம் இருந்தால் குழந்தை வேலைக்குப் போகாது. தாயின் கூலிக்கும் பிள்ளையின் படிப்புக்கும் நடுவே ஓடுகிற இந்தக் கயிற்றை நீதிமன்றமே பிடித்துக் காட்டியிருக்க, கூலியைப் பாடுகிறவன் தாய்மையைப் பாடவில்லை என்று ஒரு தமிழறிஞர் சொல்கிறாரே, கேட்பதற்கு வெட்கமாக இருக்கிறது. தீப்பெட்டி ஆபீஸில் குரோஸ் கணக்கில் பெட்டி ஒட்டுகிற பெண்ணுக்கு அந்தக் குரோஸ்தான் பிள்ளையின் நோட்டுப் புத்தகம், மூத்தவளின் பஸ் காசு, மாமியாரின் மாத்திரை. ஒரு சமூகத்துக்குத் தாய் வலிமை தருகிறாள் என்றால் எதைக் கொண்டு தருகிறாள்? ஆகாயத்திலிருந்தா எடுத்துத் தருகிறாள்?

ஒப்பாரி கவிதையே ஆகாது, அது பலவீனத்தின் புலம்பல், வீரத்தாய் மரபுக்கு இழுக்கு என்ற ஒரு பத்தியும் இருக்கிறது. நா. வானமாமலை 1964இல் 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' தொகுத்தபோது ஒப்பாரியை ஒதுக்கிவைக்கவில்லை. அவருக்குத் தெரியாத தமிழா இவருக்குத் தெரிந்துவிட்டது? தாயைப் பற்றி ஆண்கள் எழுதியது நூலகம் நூலகமாகக் கிடக்கிறது. தாய் தானே கட்டிய பாட்டு என்று நம்மிடம் இருப்பதில் பெரும்பகுதி தாலாட்டும் ஒப்பாரியும்தான். தாலாட்டை மேடையில் இனிக்க இனிக்கப் பாடிவிட்டு ஒப்பாரியைத் தள்ளிவைக்கிறார் என்றால் காரணம் விளங்காமலில்லை. தாலாட்டில் அவள் கொஞ்சுகிறாள். ஒப்பாரியில் குற்றம் சாட்டுகிறாள். மருந்துக்குக் காசு தராத அண்ணன், சீர் செய்யாத தம்பி, சொத்தைச் சுருட்டிய கொழுந்தன் என்று மற்ற நாளில் வாய் திறக்க முடியாத அத்தனையையும் நடுத்தெருவில் ராகம் போட்டுச் சொல்லிவிட அவளுக்குக் கிடைத்த ஒரே மேடை இழவு வீடு. யாரும் குறுக்கே பேச முடியாத மேடை.

பட்டாசு ஆபீஸ் வெடிவிபத்துகள் சில: 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி. 2021 பிப்ரவரி 12, அச்சங்குளம். 2023 அக்டோபர் 17, ரெங்கபாளையம். 2024 மே 9, செங்கமலப்பட்டி. முதலிப்பட்டியில் மட்டும் நாற்பதை ஒட்டிய உயிர்கள். கடைசி இரண்டிலும் செத்தவர்களில் பெண்களே அதிகம். இவை நான் நினைவிலிருந்து சொல்கிற நான்கு நாட்கள்தான், பட்டியல் இதைவிட நீளம். ஒவ்வொன்றுக்குப் பிறகும் வழக்கு, கைது, சீல், நிவாரணம், ஆய்வுக்குழு. அப்புறம் கதவு திறக்கும். அந்த ஊர்களில் அந்த வாரம் எழுந்த ஒப்பாரியில் யார் கூப்பிட்டு வேலைக்குப் போனாள், வாங்கிய முன்பணம் எவ்வளவு என்பதெல்லாம் சொல்லப்படாமல் போயிருக்கும் என்று நினைக்கிறீர்களா? விசாரணை அறிக்கையில் வராதது ஒப்பாரியில் வரும். அதைக் காதில் வாங்கி எழுதுகிற கவிஞனைப் பலவீனத்தைப் பாடுகிறவன் என்பது, செவிடர் சங்கீத விமர்சனம் எழுதியது போல இருக்கிறது.

பேராசிரியரின் முரண்பாட்டை வாசகர்கள் இந்நேரம் மோப்பம் பிடித்திருப்பார்கள். முன்னுரையில், கவிதை சந்தைக்கு அப்பாற்பட்டது, தாய்மையை லாப நட்டக் கணக்கோடு சேர்த்துப் பேசுவது பாவம் என்கிறார். முடிவுரைக்கு வந்ததும், தீபாவளி நெருங்குகிற நேரத்தில் விபத்துக் கவிதைகள் எழுதித் தொழிலுக்குக் கேடு செய்யாதீர்கள், பல்லாயிரம் தாய்மார் வயிற்றில் அடிக்காதீர்கள் என்று கெஞ்சுகிறார். படிக்கிறது ராமாயணம், இடிக்கிறது பெருமாள் கோயில். சந்தை கவிதைக்குள் வரக் கூடாது. ஆனால் சந்தைக்காகக் கவிதை வாயை மூடிக்கொள்ள வேண்டும். இந்த இரண்டையும் ஒரே நூலில் எழுத ஒருவருக்குக் கை கூசவில்லை என்றால், அவர் யாருக்குக் கடன்பட்டவர் என்பதை விளக்க வேறு ஆய்வு தேவையில்லை. தொழில் அழிய வேண்டும் என்று எந்தக் கவிஞனும் எழுதவில்லை. இந்தக் கரிசலில் மழை பொய்த்தபோது சோறு போட்ட தொழில் அது என்று எங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். வேலை வேண்டும், வேலைக்குப் போனவள் திரும்பி வர வேண்டும் என்பதுதான் கேட்பது. இரண்டும் ஒன்றாக நடக்காது என்று பேராசிரியர் கருதினால் அதை வெளிப்படையாகச் சொல்லட்டும்.

இந்த ஊரை உயர்த்தியது தாய்மாரின் மௌனத் தியாகம் என்று இன்னொரு வரி. 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்தார்கள் என்பது எங்கள் ஊரில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குத் தெரியும். அவர்களின் துணிச்சலை நானும் மதிக்கிறேன். ஆனால் அவர்கள் கற்றுவந்ததை ஒரு நூற்றாண்டாகக் கையால் செய்து முடித்த பெண்களில் ஒருத்தியின் பெயர், பேருக்காவது ஒரு தெருவுக்கு உண்டா? பெயர் தர மனமில்லாத இடத்தில்தான் 'தாய்' என்ற பொதுப்பெயர் வந்து உட்கார்ந்துகொள்கிறது. மல்லாங்கிணறில் பிறந்த தமிழச்சி தங்கபாண்டியனின் 'எஞ்சோட்டுப் பெண்' போன்ற தொகுப்புகள் வந்த பிறகும், கரிசல் பெண்ணை முகமில்லாத சிலையாகவே வைத்திருப்பேன் என்று ஒருவர் அடம் பிடித்தால் அவர் படிப்பதை நிறுத்தி நாளாயிற்று என்று பொருள்.

கடைசி சாட்சி பெரியாழ்வார். சிவகாசியிலிருந்து சுமார் இருபது கிலோமீட்டரில் இருக்கிற ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர். ஓர் ஆண், யசோதையாகவே மாறித் தாய் பேச்சைத் தமிழுக்குக் கொடுத்தவர். பிள்ளைத்தமிழுக்கே விதை போட்டவர். தொட்டில் பாட்டையும் நிலாவை அழைக்கிற பாட்டையும் சிலாகித்து, தாய்மை என்றால் இந்த ஆனந்தம்தான் என்று முடிக்கிறார் பேராசிரியர். இரண்டுமே பெரியாழ்வார் திருமொழியில் முதல் பத்து. அங்கேயே நின்றுவிட்டார். மூன்றாம் பத்தில் இரண்டாம் திருமொழி என்று ஒன்று இருக்கிறது. கண்ணனைக் கன்று மேய்க்கக் காட்டுக்கு அனுப்பிவிட்டு யசோதை வீட்டில் இருந்து மருகுகிற பத்துப் பாட்டு. குளிப்பாட்டி வீட்டில் விளையாடவிடாமல் அனுப்பிவிட்டேனே. பரல் கல் குத்துகிற கொதிக்கிற காட்டுக்குக் குடையும் செருப்பும் கொடுக்காமல் அனுப்பிவிட்டேனே. பாட்டுக்குப் பாட்டு ஐயோ பாவமே என்று புலம்புகிறாள், தன்னைத்தானே கொடியவள் என்றும் சொல்லிக்கொள்கிறாள். பிள்ளையை வேலைக்கு அனுப்பிய தாயின் குற்றவுணர்வைத் தமிழில் இவ்வளவு நேராக எழுதிய கவிதை வேறொன்று எனக்குத் தெரியாது. அதுவும் இந்த மண்ணில் எழுதப்பட்டது.

எண்பதுகளில் இந்தப் பக்கத்துக் கிராமங்களில் விடிகாலை மூன்று, நான்கு மணிக்கே பஸ் வரும். தூங்குகிற பிள்ளைகளை எழுப்பித் தூக்குச்சட்டியைக் கையில் கொடுத்து ஏற்றிவிடுவார்கள். 1990இல் வந்த 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' என்ற சலம் பென்னூர்கரின் ஆவணப்படத்தில் அந்த வாழ்க்கையைப் பார்க்கலாம். நான் படத்தில் பார்க்கவில்லை; அந்தப் பஸ்ஸில் போனேன். ஏழு வயதில் தீப்பெட்டி ஆபீஸில் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து கட்டை அடுக்கியவன் நான். அப்புறம் பள்ளிக்கூடம் போனேன், வேலைக்கு வந்தேன், அம்மாவை உட்காரவைத்துச் சோறு போடுகிற நிலைமை வந்தது. இருந்தாலும் சாப்பிடும்போது என் கைவிரலைப் பார்த்துவிட்டு, ஒரு சம்பந்தமும் இல்லாமல் சொல்வாள்: "ஒன்னய அனுப்பிருக்கக் கூடாதுய்யா." எழுத்து வாசிக்கத் தெரியாதவள். பெரியாழ்வார் பெயரைக் கோயில் உற்சவத்தில் கேட்டிருப்பாளே தவிர, பாசுரம் அறிய மாட்டாள்.

பேராசிரியர் அடுத்த மேடை ஏறுவதற்கு முன் அந்தப் பத்துப் பாட்டைப் படிக்கட்டும். கவியரங்க மேடையில் வேண்டாம். வெம்பக்கோட்டைப் பக்கம் ஏதாவதொரு கிராமத்தில், வேலை முடிந்து வேன் வந்து நிற்கிற நேரத்தில், இறங்குகிற பெண்களுக்கு முன் நின்று வாசித்துவிட்டு, தாய்மை என்றால் ஆனந்தம் என்று அவர்களிடம் சொல்லிப் பார்க்கட்டும். நாளை அவர் குறிக்கட்டும், புத்தகத்தை நான் கொண்டுவருகிறேன்.